பாலைவனத்துப் பெண் ஷெரீஃப்: மூன்று துப்பறியும் தொடர்களில் எதைத் தொடங்குவது?

அமெரிக்கத் தென்மேற்கின் வறண்ட நிலத்தில் ஒரு பெண் காவல் அதிகாரி துப்பறியும் தொடரைப் படிக்க நினைப்பவர்களுக்கு முதல் தொல்லை, அப்படிப்பட்ட தொடர்கள் நிறையவே இருக்கின்றன என்பதுதான். ஒவ்வொன்றும் இருபது நூல்களை எட்டியோ தாண்டியோ நிற்கிறது. கைக்குக் கிடைத்த ஒன்றைப் பிரித்தால், பத்து நூல்களுக்கு முன்னால் யார் இறந்தார், யார் யாரை மணந்தார் என்பதெல்லாம் முதல் அத்தியாயத்திலேயே வெளிவந்துவிடும்.

இங்கே மூன்றை எடுத்துக்கொள்கிறேன். ஜே. ஏ. ஜான்ஸ் எழுதும் ஜோவன்னா பிரேடி தொடர் ஒன்று. ஸ்டீவன் ஹேவிலின் பொசாடஸ் கவுன்ட்டி தொடர் இன்னொன்று. மூன்றாவது, டோனி ஹில்லர்மன் தொடங்கி அவருடைய மகள் ஆன் ஹில்லர்மன் தொடர்ந்த நவஹோ காவல்துறைத் தொடர். கறாராகப் பார்த்தால் இவர்களில் ஷெரீஃப் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஜோவன்னா மட்டுமே. பொசாடஸின் எஸ்டெல் ரெயஸ்-குஸ்மான் ஷெரீஃபுக்கு அடுத்த நிலையில் இருக்கும் அண்டர்ஷெரீஃப். மூன்றாவது தொடரின் பெர்னடெட் மானுவலிட்டோ, நவஹோ பழங்குடியினரின் சொந்தக் காவல்துறையில் வேலை பார்ப்பவர். ஆனால் ஜோவன்னாவைத் தேடி வருகிற வாசகர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியது மற்ற இருவரில் ஒருவர்தான் என்பது என் எண்ணம். அதனால் மூவரையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

## எதை வைத்துத் தேர்வது

கொலைப் புதிரின் தரத்தை அளவுகோலாக வைத்தால் இந்த மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியாது. மூவருமே கைதேர்ந்தவர்கள். நான் முதலில் கேட்பது வேறு: கதாநாயகி யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்?

ஷெரீஃப் பதவியின் தன்மை தெரிந்தால்தான் இந்தக் கேள்வியின் எடை புரியும். சென்னைக்கும் ஒரு காலத்தில் ஷெரீஃப் உண்டு. விழாக்களில் முன்வரிசையில் உட்காரும் கௌரவப் பதவி அது. அமெரிக்க ஷெரீஃப் அப்படியல்ல. கவுன்ட்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. அதன் காவல் தலைவரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அரிசோனாவில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல். மேலிடம் நினைத்தாலும் ஷெரீஃபை வேறு ஊருக்கு மாற்ற முடியாது. ரோந்து, சிறைச்சாலை, நீதிமன்ற ஆணைகளைக் கொண்டு சேர்ப்பது என எல்லாம் அவர் பொறுப்பு. பணப்பெட்டியின் சாவி மட்டும் கவுன்ட்டியின் மேற்பார்வையாளர் குழுவிடம் இருக்கும். ஆகவே ஒரு ஷெரீஃப் கதையில் கொலையாளியைத் தேடுவது பாதி வேலை. ஓட்டுப் போட்டவர்களையும் நிதி கொடுப்பவர்களையும் சமாளிப்பது மீதிப் பாதி.

அடுத்தது நிலம். பாலைவனம் என்றதும் மணல் மேடுகளை நினைத்துக்கொள்பவர்கள் மூன்று தொடரிலுமே ஏமாறுவார்கள். முட்புதர்க் காடு, செம்பாறை, வறண்ட ஓடைகள், திடீரென்று எழும் மலைகள் என்று ஒவ்வொன்றிலும் ஒரு வகை வறட்சி. பிறகு, கதையில் வீடு எவ்வளவு, வழக்கு எவ்வளவு என்கிற விகிதம். கடைசியாக, வரிசை தவறிப் படித்தால் எவ்வளவு இழப்பு என்பது. மறைந்திருக்கும் செலவு பெரும்பாலும் இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

## ஜோவன்னா பிரேடி: வாக்காளர்களின் ஷெரீஃப்

1993-இல் வந்த ‘டெசர்ட் ஹீட்’ நாவலில் தொடர் தொடங்குகிறது. ஜோவன்னா காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். கணவர் ஆண்டி, கவுன்ட்டியின் டெபுடி, அதாவது ஷெரீஃபுக்குக் கீழே வேலை பார்க்கும் காவல் அதிகாரி. ஷெரீஃப் பதவிக்குப் போட்டியிடுகிறார். அவர்களுடைய பத்தாவது திருமண நாளன்று ஆண்டி சுடப்படுகிறார். போதைப்பொருள் கடத்தலில் அவருக்குப் பங்கு இருந்தது என்று பேச்சு கிளம்புகிறது. அந்தக் களங்கத்தைத் துடைக்கக் கிளம்பும் ஜோவன்னா, கடைசியில் கணவர் நின்ற அதே தேர்தல் களத்துக்குள் தள்ளப்படுகிறார்.

ஜான்ஸின் புத்திசாலித்தனம் இதற்குப் பிறகுதான் தெரிகிறது. பதவிக்கு வந்துவிட்ட ஜோவன்னாவுக்குக் காவல் வேலை தெரியாது. மூன்றாவது நூலான ‘ஷூட்/டோன்ட் ஷூட்’டில் அவர் தன் டெபுடிகள் எப்போதோ முடித்த பயிற்சிக்குப் போய் உட்கார்கிறார். தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற ஃபிராங்க் மோன்டோயாவைத் தன் தலைமை டெபுடிகளில் ஒருவராக வைத்துக்கொள்கிறார். தெருநாய், விலங்குக் கட்டுப்பாட்டு வேலையையும் நிர்வாகம் அவர் துறையின் தலையில் கட்டுகிறது. தற்காலிக ஏற்பாடு என்று சொல்லப்பட்ட அது நூல் நூலாக நீள்கிறது. அரசு அலுவலகம் எதிலாவது வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பக்கங்களில் சிரிப்பு தாங்காது. 2003-இல் வந்த ‘எக்ஸிட் வூண்ட்ஸ்’ நாவலில் கொலை விசாரணை, மறுதேர்தல் பிரசாரம், கருத்தரிப்பு மூன்றும் ஒரே கோடையில் வந்து சேர்கின்றன.

கதை நடக்கும் கோச்சிஸ் கவுன்ட்டி கற்பனை அல்ல. அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டி, 16,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. அப்பாச்சே தலைவர் கோச்சிஸின் பெயரில் 1881-இல் உருவான கவுன்ட்டி இது. புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டை நடந்த டூம்ஸ்டோன் முதலில் தலைநகராக இருந்தது. 1929-இல் அது பிஸ்பீக்கு மாறியது. பிஸ்பீ ஒரு தாமிரச் சுரங்க நகரம். ஏறத்தாழ 1,650 மீட்டர் உயரத்தில் மலை இடுக்கில் இருப்பதால், பாலைவனம் என்ற சொல்லுக்குப் பொருந்தாத குளிரும் உண்டு. 1970-களின் நடுவில் சுரங்க வேலை நின்றதும் கூலி குறைந்து, வீட்டு விலை விழுந்து, ஓவியர்களும் ஓய்வுபெற்றவர்களும் குடியேறினார்கள். பழைய சுரங்கக் குடும்பங்களுக்கும் இப்படிப் புதிதாக வந்தவர்களுக்கும் இடையிலான உரசல் தொடரின் பல வழக்குகளுக்கு விதை. ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கும் பருவமழை உண்டு. காலையில் காரை ஓட்டிக் கடந்த வறண்ட ஓடை மாலையில் காரையே இழுத்துக்கொண்டு போகும்.

அந்த மண்ணில் ஷெரீஃபின் அதிகாரம் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சாட்சி இருக்கிறது. 1917 ஜூலையில் ஹாரி வீலர் என்ற ஷெரீஃப், ஆயுதம் ஏந்திய பெரும் கூட்டத்தை டெபுடிகளாக நியமித்தார். வேலைநிறுத்தத்தில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்களை அவர்கள் வளைத்துப் பிடித்து, மாடுகளைக் கொண்டுசெல்லும் ரயில் பெட்டிகளில் ஏற்றி, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அதே பதவியில் ஒரு காப்பீட்டு ஊழியர் வந்து உட்கார்வது சாதாரண மாற்றமல்ல.

ஜான்ஸ் பிஸ்பீயில் வளர்ந்தவர். காப்பீடு விற்றவர். பெண் என்பதால் அரிசோனா பல்கலைக்கழகத்தின் படைப்பிலக்கிய வகுப்பில் தனக்கு இடம் மறுக்கப்பட்டதை அவரே சொல்லியிருக்கிறார். சியாட்டில் காவலர் ஒருவரைக் கதாநாயகனாக வைத்து அவர் எழுதிய முதல் தொடரில், பெண் எழுதியது என்று தெரியாமலிருக்கத்தான் பெயர் வெறும் எழுத்துகளாகச் சுருங்கியது. ஜோவன்னாவைச் சுற்றியுள்ள ஆண்கள் மேசைக்கு மறுபுறமிருந்து பேசும் தொனி அவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இனி செலவுக் கணக்கு. இந்தத் தொடரில் வீடு நிறையவே உண்டு. தாய் எலினாரின் முள் பேச்சு, மகள் ஜென்னி, பண்ணை, நாய்கள், தோழியான பெண் போதகர் மரியான், பிறகு அவர் வாழ்க்கைக்குள் வரும் புட்ச் டிக்சன். பிணத்தைப் பார்த்துவிட்டு வந்த கையோடு இரவு உணவுக்கு என்ன என்ற பேச்சு தொடங்கும். பிடித்தவர்களுக்கு இதுவே தொடரின் உயிர். வழக்கு மட்டும் போதும் என்பவர்கள் ஐந்தாவது நூலில் பொறுமை இழப்பார்கள். காலக் கணக்கிலும் ஒரு முரண் உண்டு: 1993-இல் ஒன்பது வயதாக இருந்த ஜென்னி, 2021-இல் வந்த ‘மிஸ்ஸிங் அண்ட் எண்டேஞ்சர்டு’ நாவலில் கல்லூரி மாணவி. ஆட்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள்கூட ஓடாத நேரத்தில் தொழில்நுட்பம் இருபத்தெட்டு ஆண்டுகள் ஓடிவிடுகிறது. நம் மாத நாவல் துப்பறிவாளர்களுக்கு வயதே ஆவதில்லை என்று பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டாக இருக்காது. கணக்குப் பார்ப்பவர்களுக்கு உறுத்தும்.

இன்னொரு செலவு, குறுக்கே வரும் தொடர்கள். ‘பார்ட்னர் இன் கிரைம்’ (2002), ‘ஃபயர் அண்ட் ஐஸ்’ (2009) இரண்டிலும் ஜான்ஸின் சியாட்டில் துப்பறிவாளர் பியூமான்ட் பாதிப் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறார். அவர் பகுதிகள் தன்மையில், ஜோவன்னாவின் பகுதிகள் படர்க்கையில். 2023-இல் வந்த ‘பிளெஸ்ஸிங் ஆஃப் தி லாஸ்ட் கேர்ள்ஸ்’, ஜான்ஸின் வாக்கர் குடும்பத் தொடரோடு கலக்கிறது. ஒரு தொடர் என்று நினைத்துத் தொடங்கினால் மூன்று தொடர்களின் வாசலில் நிற்பீர்கள்.

## எஸ்டெல் ரெயஸ்-குஸ்மான்: ஷெரீஃபின் பின்னால் நிற்பவர்

பொசாடஸ், நியூ மெக்சிகோவின் தென்மேற்கில் மெக்சிகோ எல்லையோரம் ஹேவில் உருவாக்கிய கற்பனைக் கவுன்ட்டி. 1991-இல் ‘ஹார்ட்ஷாட்’ நாவலோடு தொடர் தொடங்கியது. ஓடிவந்த கார் ஒன்று விபத்துக்குள்ளாகிறது; உள்ளே பள்ளி மாணவர்களின் உடல்கள்; கூடவே கொகெயின். கதையைச் சொல்பவர் அண்டர்ஷெரீஃப் பில் காஸ்ட்னர். பருத்த உடம்பு, தூக்கமில்லாத இரவுகள், பச்சை மிளகாய் பரிட்டோ மீது தீராத ஆசை. எஸ்டெல் அப்போது அவருக்குக் கீழே வேலை பார்க்கும் இளம் துப்பறிவாளர். எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்து, இந்தப் பக்கம் வளர்ந்தவர்.

ஜோவன்னா தொடரோடு சேர்த்து வாசித்தால் ஒரு சுவையான திருப்பம் கிடைக்கும். பொசாடஸின் ஆரம்ப நூல்களில் ஷெரீஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பவர் மார்ட்டின் ஹோல்மன். அதற்கு முன் பழைய கார் விற்றவர். காவல் வேலை தெரியாத ஒருவர் ஓட்டு வாங்கி வந்து தலைமேல் உட்காரும்போது, வேலை தெரிந்தவர்கள் எப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு அவரைத் தாங்குகிறார்கள் என்பதை ஹேவில் காட்டுகிறார். ஜான்ஸ் மேசையின் முன்னாலிருந்து எழுதுவதை இவர் பின்னாலிருந்து எழுதுகிறார். தேர்தல் முறையின் இரண்டு முகங்களும் தெரிய வேண்டுமென்றால் இரண்டு தொடரின் முதல் நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்கலாம்.

எஸ்டெல் முன்னணிக்கு வருவது 2002-இல் ‘ஸ்காவெஞ்சர்ஸ்’ நாவலில்தான். காஸ்ட்னரின் தன்மைக் குரல் விலகி, கதை படர்க்கைக்கு மாறுகிறது. எஸ்டெலின் இயல்பு ஜோவன்னாவுக்கு நேர் எதிர். குறைவாகப் பேசுவார். கோபத்தைக் காட்ட மாட்டார். மருத்துவரான கணவர், பியானோவில் அசாத்தியத் திறமை கொண்ட மகன் என்று வீடு உண்டு. ஆனால் அது வழக்கை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வருவதில்லை. ஆள் பற்றாக்குறையுள்ள சின்னக் காவல் துறை, தெரிந்தவர்களையே கைது செய்ய வேண்டிய சின்ன ஊர், விபத்தா கொலையா என்று பாதி நூல்வரை முடிவாகாத மரணங்கள். நடைமுறை நுணுக்கத்தில் மூன்றில் இதுவே முதலிடம்.

செலவு வெளிப்படையானது. பெண் அதிகாரியைத் தேடி வந்தவர் அவர் தலைமையேற்கக் காண, ஒரு வயதான ஆணின் குரலில் ஒன்பது நூல்கள் காத்திருக்க வேண்டும். அந்தக் குரல் அருமையானது என்பது வேறு விஷயம். மேலும், மற்ற இரண்டு தொடர்களைப் போல ஹேவிலின் நூல்கள் பழைய புத்தகக் கடைகளில் எளிதில் அகப்படுவதில்லை. மின்நூலுக்குத் தயாராக இருங்கள்.

## பெர்னடெட் மானுவலிட்டோ: குலத்துக்கும் கூட்டாட்சிக்கும் நடுவில்

நவஹோ தேசம் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மூன்றிலும் விரிந்து, ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர் கொண்டது. அதற்குச் சொந்த அரசு, சொந்த நீதிமன்றம், சொந்தக் காவல்துறை. ஆனால் கொலை போன்ற பெருங்குற்றங்களில் எஃப்.பி.ஐ. உள்ளே நுழையும், 1885-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கூட்டாட்சி அரசுக்குக் கொடுத்தது. நிலத்தையும் மொழியையும் அறிந்த பெர்னடெட், எதையும் அறியாத எஃப்.பி.ஐ. ஆட்களின் பின்னால் நடக்க வேண்டிய நிலைமை இதிலிருந்து பிறக்கிறது.

வாக்காளர்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்றாலும் அவர் பதில் சொல்ல வேண்டியவர்கள் கூடுதல். விசாரணைக்குப் போனால் முதலில் தன் தாயின் குலத்தையும் தந்தையின் குலத்தையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். இறந்தவரின் பெயரை உச்சரிக்கத் தயங்கும் மரபில் கொலை விசாரணை நடத்த வேண்டும். வீட்டில் நெசவு செய்யும் தாய். குடிப்பழக்கத்தோடு போராடும் தங்கை டார்லீன். அதே துறையில் வேலை பார்க்கும் கணவர் ஜிம் சீ. மூன்று தொடரிலும் நிலம் வெறும் பின்னணியாக இல்லாமல் கதைக்குள் வேலை செய்வது இங்கேதான். பெர்னடெட்டுக்குச் செடிகொடிகள் பற்றித் தெரியும். கைபேசி சமிக்ஞை இல்லாத மண்சாலைகளில், உதவி வந்துசேர எத்தனை மணி நேரமாகும் என்ற கணக்கு ஒவ்வொரு முடிவிலும் இருக்கும்.

எங்கே தொடங்குவது என்பதில்தான் சிக்கல். தந்தை ஹில்லர்மன் 1970 முதல் 2006 வரை எழுதிய பதினெட்டு நாவல்களில் ஜோ லீப்ஹார்னும் ஜிம் சீயும் நாயகர்கள். பெர்னடெட் முதலில் தலைகாட்டுவது 1996-இல், ‘தி ஃபாலன் மேன்’ நாவலில். அவரை மையமாக்கியது மகள் ஆன், 2013-இல், ‘ஸ்பைடர் வுமன்ஸ் டாட்டர்’ மூலம். பெர்னடெட்டின் கண்முன்னேயே லீப்ஹார்ன் சுடப்படுவதில் கதை ஆரம்பிக்கிறது. நேராக அதை எடுத்துப் படிக்கலாம், புரியும். ஆனால் அதன் முடிச்சு, தந்தையின் ‘எ தீஃப் ஆஃப் டைம்’ (1988) நாவலில் வேர்விட்டது. மகளின் நூலை முதலில் படித்தால் தந்தையின் சிறந்த நாவல்களில் ஒன்று கெட்டுப்போகும். எனவே என் வரிசை: முதலில் ‘எ தீஃப் ஆஃப் டைம்’, அதன் பிறகு ‘ஸ்பைடர் வுமன்ஸ் டாட்டர்’. நடுவில் உள்ளவற்றை அவசரமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தந்தையும் மகளும் நவஹோக்கள் அல்லர். 1987-இல் நவஹோ தேசம் டோனி ஹில்லர்மனைத் தன் சிறப்பு நண்பர் என்று கௌரவித்திருக்கிறது. இருந்தாலும் வெளியாள் எழுதியது வெளியாள் எழுதியதுதான். அந்த மக்களின் குரலே வேண்டும் என்பவர்கள், நவஹோ எழுத்தாளரான ரமோனா எமர்சனின் ‘ஷட்டர்’ (2022) நாவலைத் தேடலாம். அதில் வருபவர் ஷெரீஃப் அல்ல, ஆல்புகர்க்கி காவல்துறையின் தடயப் புகைப்படக்காரர். கதை இந்த மூன்றையும்விட இருண்டது.

## பக்கத்தில் பக்கமாக

| | ஜோவன்னா பிரேடி | எஸ்டெல் ரெயஸ்-குஸ்மான் | பெர்னடெட் மானுவலிட்டோ |
|---|---|---|---|
| பதவி | தேர்ந்தெடுக்கப்பட்ட ஷெரீஃப் | நியமிக்கப்பட்ட அண்டர்ஷெரீஃப் | நவஹோ காவல்துறை அதிகாரி |
| பதில் சொல்வது | வாக்காளர், மேற்பார்வையாளர் குழு | ஷெரீஃப் | குலம், குடும்பம், எஃப்.பி.ஐ. |
| இடம் | கோச்சிஸ், அரிசோனா (உண்மை) | பொசாடஸ், நியூ மெக்சிகோ (கற்பனை) | நவஹோ தேசம் (உண்மை) |
| வீடும் வழக்கும் | சரிபாதி, சில நூல்களில் வீடே அதிகம் | வழக்கே முன்னால் | இரண்டும் பிரிக்க முடியாதவை |
| பெண் மையத்துக்கு வருவது | முதல் நூல், 1993 | பத்தாவது நூல், 2002 | மகளின் முதல் நூல், 2013 |
| வரிசை தவறினால் | குடும்ப ரகசியங்கள் உடையும் | இழப்பு குறைவு | ஒரு நல்ல நாவல் கெடும் |
| மறைந்த செலவு | குறுக்கிடும் மற்ற தொடர்கள் | நூல் கிடைப்பது | தந்தையின் பதினெட்டு நூல்கள் |

## யாருக்கு எது

அதிகாரத்துக்குப் புதிதாக வரும் ஒரு பெண் அதைக் கையாளக் கற்றுக்கொள்வதைப் பார்க்க வேண்டுமென்றால் ஜோவன்னாதான், மறுபேச்சில்லை. முதல் மூன்று நூல்களையாவது வரிசையாகப் படியுங்கள். அவர் கற்றுக்கொள்வது அந்த மூன்றில்தான் நடக்கிறது. அதன் பிறகு இடைவெளி விட்டால் பரவாயில்லை. இருபது நூல்களுக்கு நேரமில்லாதவர்கள் ‘டெசர்ட் ஹீட்’, ‘ஷூட்/டோன்ட் ஷூட்’, ‘எக்ஸிட் வூண்ட்ஸ்’ என்று தாவிப் போனாலும் ஒரு வாழ்க்கையின் வடிவம் கிடைத்துவிடும். பதின்வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள் ‘ஜட்ஜ்மென்ட் கால்’ (2012) நாவலையும் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளித் தலைமையாசிரியையின் உடலை ஜென்னி கண்டெடுக்கிறாள். எடுத்த படம் இணையத்தில் பரவுகிறது. ஷெரீஃபாகவும் தாயாகவும் ஜோவன்னா ஒரே நேரத்தில் படும் பாடு அதில் நன்றாக வந்திருக்கிறது.

குடும்பக் கதை அலுப்பூட்டும் என்பவர்கள் ஜோவன்னாவிடம் போகாமலிருப்பது இருவருக்கும் நல்லது. அவர்களுக்கு எஸ்டெல். பொறுமை இருந்தால் ‘ஹார்ட்ஷாட்’, இல்லாவிட்டால் நேராக ‘ஸ்காவெஞ்சர்ஸ்’.

நிலத்துக்காகவும் ஒரு சமூகத்தின் வாழ்முறைக்காகவும் படிப்பவர்களுக்கு பெர்னடெட். ஆங்கில நாவல் வாசிப்பில் புதிதாகக் கால் வைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். ஆன் ஹில்லர்மனின் வாக்கியங்கள் மூவரிலும் எளிமையானவை. ‘டார்க் விண்ட்ஸ்’ தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு வருபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் காலம் 1970-கள்; நாவல்களில் பெர்னடெட் அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே காவல்துறைக்கு வருகிறார். திரையில் பார்த்த சம்பவங்களை ஆன் ஹில்லர்மனின் நூல்களில் தேடினால் கிடைக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் முடிவெடுக்க முடியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: மூன்று முதல் நூல்களின் மின்நூல் மாதிரிப் பக்கங்களையும் இறக்கிப் படியுங்கள். ஜான்ஸ் சமையலறையிலும் ஹேவில் ரோந்து காரிலும் ஆன் ஹில்லர்மன் காவலர்களின் காலைச் சிற்றுண்டி மேசையிலும் உங்களை உட்கார வைப்பார்கள். எந்த இடத்திலிருந்து எழுந்திருக்க மனம் வரவில்லையோ, அந்தத் தொடரை வாங்குங்கள்.